ஸ்கவுட் வந்து கேட்கும்போது

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் விளையாட்டு வீரர்களுக்குப் படிப்பு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் எடுப்பது, பயிற்சி நேரத்தோடு மோதாத வகுப்பு எது, புள்ளியியலில் திணறுபவனுக்கு யாரைக் கொண்டு சொல்லிக்கொடுப்பது என்று நாள் ஓடிவிடும். விளையாட்டுக்கும் எனக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனாலும் ஆகஸ்ட் பிறந்து அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சி தொடங்கியதும், தொழில்முறை அணிகளின் ஸ்கவுட்கள் என் அறைக்கும் வந்துவிடுவார்கள்.

ஸ்கவுட் என்றால் அணிக்கு ஆள் பார்ப்பவர். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை கல்லூரி கல்லூரியாகக் காரில் சுற்றுவதுதான் அவர் பிழைப்பு. பயிற்சியைப் பார்ப்பார், ஆட்டப் பதிவுகளைப் பார்ப்பார். தலைமைப் பயிற்சியாளர் தன் பையன்களைப் புகழத்தான் செய்வார் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே காயத்துக்குக் கட்டுப் போடுபவர், தலைக்கவசமும் சீருடையும் எடுத்துக்கொடுப்பவர், படிப்பைக் கவனிக்கும் நான் என்று ஓரத்தில் நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுப்பார். "அவன் எப்படிப்பட்ட பையன்?" என்பதுதான் எல்லாருடைய முதல் கேள்வியும்.

அந்தக் கேள்விக்கு இருக்கும் கனம் டிராஃப்ட் என்றால் என்னவென்று தெரிந்தால்தான் புரியும். ஏப்ரல் கடைசியில் மூன்று நாள், ஏழு சுற்று. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இன் 32 அணிகள் கல்லூரி வீரர்களில் 250 பேரைச் சற்றே தாண்டித் தேர்ந்தெடுக்கும். முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. பணக்கார அணிகளே நல்ல ஆட்களை அள்ளிக்கொண்டு போவதைப் பொறுக்காமல் ஃபிலடெல்ஃபியா அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் முன்வைத்த யோசனை இது. 1936 பிப்ரவரியில் முதல் டிராஃப்ட் நடந்தது. எந்த அணிக்கு ஆடுவது என்று வீரன் தேர்ந்தெடுக்க முடியாது. நம் ஊர் ஐ.பி.எல். ஏலத்தில் கூவக் கூவ விலை ஏறும். இங்கே 2011ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு, எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறான் என்பதே புதிய வீரனின் முதல் நான்கு ஆண்டுச் சம்பளத்தை ஏறக்குறைய தீர்மானித்துவிடுகிறது. முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே கோடிக்கணக்கான டாலர் வித்தியாசம். யாரோ சொன்ன ஒரு சொல்லால் ஒரு பையன் இரண்டு சுற்று கீழே போனால், அந்த இழப்பு அவன் குடும்பத்தின் தலையில்தான் விழும்.

உடம்பை அளப்பதில் இவர்களை மிஞ்ச ஆள் இல்லை. 1987 முதல் இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கும் கம்பைன் என்ற சோதனை முகாமுக்கு ஆண்டுதோறும் 300க்கும் மேற்பட்டவர்களை அழைக்கிறார்கள். உள்ளங்கை அகலம், கையின் நீளம், முழங்காலின் ஸ்கேன், 40 கெஜ ஓட்டம் என எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஓட்டத்தை நொடியில் நூறில் ஒரு பங்கு வரை குறிக்கிறார்கள். சேவியர் வொர்த்தி 2024இல் 4.21 நொடியில் ஓடியதுதான் கம்பைன் சாதனை. அறிவை அளக்கவும் நெடுங்காலம் ஒரு தேர்வு வைத்திருந்தார்கள்: வொண்டர்லிக், 12 நிமிடத்தில் 50 கேள்வி. அதற்குத் தயார்செய்யச் சொல்லி என்னிடமே பையன்கள் வந்ததுண்டு. நூறு ஆட்ட உத்திகளை மனப்பாடமாக வைத்திருந்து, எதிரணி நிற்கும் நிலையைப் பார்த்த மாத்திரத்தில் மாற்றிச் சொல்லத் தெரிந்தவன் அந்தத் தாளின் முன்னால் வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பான். 2022இல் கம்பைனில் அதைக் கைவிட்டபோது மனதார மகிழ்ந்தேன்.

குணத்தை அளக்கத்தான் கருவி கிடையாது. அதற்கு எங்கள் வாய்தான் ஆதாரம்.

மாணவர்களின் கல்விப் பதிவுகளைக் காக்கும் 1974ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே உண்டு. மதிப்பெண், வருகைப் பதிவு எதையும் மாணவனின் சம்மதம் இல்லாமல் நான் வெளியே சொல்லக் கூடாது. அதில் குழப்பம் இல்லை. ஆனால் நான் கண்ணால் பார்த்ததை, என் மனதில் பட்டதைச் சொல்ல அந்தச் சட்டம் தடை போடவில்லை. ஸ்கவுட்கள் கேட்பதும் அதைத்தான். கண்டித்தால் முகம் சுளிப்பானா? பெண் ஊழியர்களிடம் எப்படிப் பேசுவான்? கூட்டாளிகள் யார்? சட்டம் நின்ற இடத்திலிருந்து என் மனசாட்சி தொடங்க வேண்டியிருந்தது. பார்த்ததை மட்டும் சொல்வது, கேள்விப்பட்டதைச் சொல்லாமலிருப்பது, சொன்னதை அந்தப் பையனிடமும் அன்றே சொல்லிவிடுவது என்று எனக்கு நானே ஒரு முறை வைத்துக்கொண்டேன்.

ஒரு லைன்பேக்கர் இருந்தான். தடுப்பாட்டத்தின் நடுவில் நிற்பவன். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்க்கும் திட்டவிலக்கம் அவன் மண்டையில் ஏறவே இல்லை. லைன்பேக்கர்களின் 40 கெஜ ஓட்ட நேரங்களை அவன் முன் வைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். பென்சிலைக் கடித்தபடி போட்டு முடித்தவன், எண்களெல்லாம் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதைப் பார்த்து, "மேடம், அப்படியென்றால் முதல் சுற்றில் போனவனுக்கும் யாரும் எடுக்காதவனுக்கும் நடுவில் இருப்பது ஒரு கண்சிமிட்டல்தானா?" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பாடத்தில் அவனுக்கு உதவி தேவைப்படவில்லை.

அதே பையனுக்குச் சோம்பேறி என்ற பெயரும் இருந்தது. காலை எட்டு மணி வகுப்பில் தூங்குவான். வீட்டில் கைக்குழந்தை, இரவில் பால் புகட்டுவது இவன் முறை. என்னிடம் சொல்லியிருந்தான், பயிற்சியாளர்களிடம் சொல்லவில்லை. ஓர் அணியின் ஸ்கவுட் வந்து, குறிப்பேட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு, "அவனுக்கு ஆட்டத்தில் நாட்டமில்லை என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லமாட்டார். குழந்தையைப் பற்றிச் சொல்லியிருந்தால் அவருக்கு அவன்மீது இரக்கம்கூட வந்திருக்கலாம். ஆனால் அது அவன் சொல்ல வேண்டிய செய்தி. "மாலைப் படிப்பு அறைக்கு ஒரு நாளும் தாமதமாக வந்து நான் பார்த்ததில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்பவன். காலையில் ஏன் களைப்பு என்பதை அவனிடமே கேளுங்கள்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்பது எனக்குத் தெரிய வழியில்லை.

ஏழு சுற்றிலும் அவன் பெயர் வரவில்லை. டிராஃப்ட் முடிந்த சில நிமிடங்களில் ஓர் அணி தொலைபேசியில் அழைத்து ஒப்பந்தம் பேசியது. விட்டுப்போனவர்களில் பலர் இப்படித்தான் உள்ளே போகிறார்கள். கோடை முகாமில் 90 பேர் இருப்பார்கள், ஆகஸ்ட் முடிவதற்குள் 53 ஆகக் குறைத்துவிடுவார்கள். அவனையும் குறைத்தார்கள். பிறகு அந்த 53 பேருக்கு வெளியே அணியோடு பயிற்சி செய்யும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள்.

இத்தனை அளந்தும் இவர்கள் தேர்வு அவ்வளவு உறுதியானதல்ல. கேட் மாஸியும், பிறகு நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் ஆராய்ந்து ஒன்றைக் கண்டார்கள். களத்தில் ஒரே இடத்தில் ஆடும் வீரர்களில் முந்தி எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடியது பாதிக்குச் சற்றே கூடுதலான தடவைகள்தான். 2022இல் கடைசி ஆளாக, 262ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட பிராக் பர்டி, இரண்டே ஆண்டில் சான் ஃபிரான்சிஸ்கோ அணியைச் சூப்பர் பௌல் இறுதியாட்டம்வரை கொண்டுபோனார். முதல் டிராஃப்டின் முதல் ஆளான ஜே பெர்வாங்கரோ சம்பளம் ஒத்துவராமல் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். இவ்வளவு நிச்சயமின்மைக்கு நடுவில், "அவன் ஒரு மாதிரி" என்று யாரோ உதிர்த்த சொல்லை மட்டும் ஏன் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும்?

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஜனவரிதான். பருவம் முடிந்ததும் டிராஃப்டுக்குத் தயாராக ஃப்ளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் பையன்கள் கிளம்பிவிடுவார்கள். பட்டத்துக்கான பாடங்களில் இரண்டாம் ஆண்டு முடிவில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடித்திருந்தால் போதும், கல்லூரி அணியில் ஆடத் தகுதி உண்டு என்கிறது விதி. அதனால் நான்கு ஆண்டும் ஒழுங்காகப் படித்தவனுக்குக்கூட ஐந்தில் ஒரு பங்கு மிச்சமிருக்கக்கூடும். ஆண்டுக்குச் சுமார் 16,000 கல்லூரி வீரர்கள் டிராஃப்டுக்குத் தகுதி பெறும் நாட்டில் எடுக்கப்படுபவர்கள் 250 சொச்சம் பேர். மற்றவர்களுக்கு அந்த மிச்சப் பாடங்கள்தான் வாழ்க்கை.

அதனால் டிசம்பரில், ஊருக்குக் கிளம்பும் முன், ஒவ்வொருவனையும் உட்கார வைத்து மிச்சமிருக்கும் பாடங்களை ஒரே தாளில் எழுதிக் கையில் கொடுக்கிறேன். லைன்பேக்கர் அந்தத் தாளைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்திருந்தான். அணியிலிருந்து விடுவிக்கப்பட்ட வசந்தத்தில் அதை அனுப்பி, "இதில் இணையத்தில் படிக்கக்கூடியது எது?" என்று கேட்டான். இரண்டுதான் இருந்தது, இரண்டையும் எடுத்தான். மூன்றாவது பாடத்துக்கு ஆய்வுக்கூடத்தில் நேரில் இருந்தாக வேண்டும். கோடையில் அதை நான்கு வாரத்தில் நடத்தித் தரும்படி துறைத் தலைவரிடம் கேட்டிருக்கிறேன். பத்து மாணவர்கள் சேர்ந்தால் நடத்தலாம் என்கிறார். பழைய மாணவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருக்கிறேன்.