மீனுக்கும் தாகம் உண்டு

பாம்பனிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ தொழிலுக்குப் போகும் படகில் வலையோடு குடிதண்ணீர்க் கேனும் ஏறும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அவ்வளவு செறிவான சிறுநீரை உண்டாக்க நம் சிறுநீரகத்தால் இயலாது என்பதால், குடித்ததைவிடக் கூடுதலான நீரைச் செலவிட்டே உடல் அந்த உப்பை வெளியேற்ற வேண்டியிருக்கும். இது எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கடலுக்குள்ளேயே இருக்கும் சூடை, காரல் போன்ற மீன்களுக்கும் இதே நெருக்கடி உண்டு என்பதை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

எலும்புள்ள கடல்மீனின் உடல்நீரில் உள்ள உப்புச் செறிவு, கடலில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்தெடுக்க மீனுக்கு ஆக்சிஜன் வேண்டும். அது உள்ளே வருவதற்காகச் செவுளின் தோல் மிக மெல்லியதாக இருக்கிறது. அந்த மென்மையின் வழியாகவே உடல்நீர் ஓயாமல் வெளியே கசிகிறது, உப்பு உள்ளே நுழைகிறது. எனவே மீன் கடல்நீரையே குடிக்கிறது. இதை அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஹோமர் ஸ்மித் 1930இல் நிறுவினார். குடித்த நீரோடு வந்த உப்பைச் செவுளில் உள்ள சிறப்புச் செல்கள் வெளியேற்றுகின்றன. அச்செல்களில், ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா நெருக்கமாக நிறைந்திருப்பது தற்செயலன்று: அங்கே உருவாகும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவானால், செல்சவ்வில் உள்ள புரத இறைப்பி மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கிறது. இந்தப் புரதத்தை 1957இல் கண்டறிந்த டென்மார்க் அறிவியலாளர் யென்ஸ் ஸ்கோவுக்கு 1997இல் நோபல் பரிசு கிடைத்தது.

பள்ளியில் சுவாசம் ஒரு பாடமாகவும் உப்புச் சமநிலை வேறொரு பாடமாகவும் நடத்தப்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. மூச்சு விடுவதால்தான் மீன் நீரை இழக்கிறது. இழந்ததை ஈடுகட்ட, அந்த மூச்சால் கிடைத்த ஆற்றலில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் ஆழமில்லாத பாக் நீரிணையின் நீர் சூடேறும்போது இந்தக் கணக்கு இன்னும் இறுகுகிறது. சூடான நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு, மீனின் தேவையோ அதிகம். செவுளில் கூடுதலாக நீரையும் இரத்தத்தையும் பாய்ச்சினால் கசிவும் கூடும்.

சுறாவும் திருக்கையும் வேறு வழியில் போகின்றன. நாம் கழிவாக வெளியேற்றும் யூரியாவை அவை உடலிலேயே தேக்கி, உடல்நீரின் மொத்தச் செறிவைக் கடலுக்கு இணையாக வைத்திருப்பதால் நீரை இழப்பதில்லை. அவ்வளவு யூரியா புரதங்களைக் குலைத்துவிடும் என்பதால், அதைத் தடுக்கும் இன்னொரு வேதிப்பொருளையும் சேர்த்தே வைத்திருக்கின்றன. மீன் இறந்தபின் பாக்டீரியாக்கள் யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகின்றன. திருக்கைக் கருவாட்டின் மூக்கைத் துளைக்கும் நெடி அதிலிருந்துதான் வருகிறது. சுறாப்புட்டுக்கு மீனை மஞ்சள் போட்டு வேகவைத்து, உதிர்த்து, நீரை ஒட்டப் பிழிந்தெடுக்கும் எங்கள் வீட்டுப் பெண்கள், நீரில் எளிதில் கரையும் அந்த யூரியாவில் பெரும்பகுதியைப் பிழிந்து வெளியேற்றிவிடுகிறார்கள்.

என்னை மிகவும் வியக்க வைப்பது மடவை மீன்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கழிமுகத்தின் உப்பு இறங்கியதும் அது கடல்நீர் குடிப்பதை மிகவும் குறைத்துக்கொள்கிறது. நன்னீர் மிகுந்துவிட்டால், முன்பு உப்பை வெளியே தள்ளிய அதே செவுள் வெளியிலிருந்து உப்பை உள்ளிழுக்கத் தொடங்குகிறது. சிறுநீரகம் நீர்த்த சிறுநீரை ஏராளமாக வெளியேற்றுகிறது. திசை மாறினாலும் அந்த இறைப்பிக்கு ஏடிபி வேண்டும், ஏடிபிக்கு ஆக்சிஜன் வேண்டும்.