கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டிய நூல்கள்

எம்.ஏ. மொழியியல் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பது எங்கள் வழக்கம். ஆளுக்கு ஒரு மொழி. அந்த மொழிக்கு எழுதப்பட்ட ரெஃபரன்ஸ் கிராமர் (மொழி முழுவதையும் விவரிக்கும் இலக்கண நூல்) ஒன்றை எடுத்துக்கொண்டு பருவம் முழுக்க அதோடேயே இருக்க வேண்டும். பருவ முடிவில் அந்த மொழியைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு, காதால் ஒருமுறைகூடக் கேட்டிராத மொழியோடு மாதக்கணக்கில் பழகுவதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. என் ஆசிரியப் பணியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இலக்கணம் என்றாலே பள்ளியில் படித்த நன்னூல் நூற்பாவும் புணர்ச்சி விதியும்தான் மாணவர்களுக்கு நினைவுக்கு வரும். எது சரி, எது பிழை என்று சொல்வதுதான் இலக்கணத்தின் வேலை என்ற எண்ணத்தோடு வருவார்கள். ஒரு ஊர் மக்கள் எப்படிப் பேசுகிறார்களோ அதை அப்படியே விவரிப்பதும் இலக்கணம்தான் என்று பழக அவர்களுக்குக் கொஞ்ச நாள் பிடிக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், இந்தப் புத்தகங்களை எப்படிப் படிப்பது என்பது. ஐந்நூறு, அறுநூறு பக்கம் இருக்கும். முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார்கள். ஒலியியல் தாண்டி, சொல்லைப் பொருள் தரும் சிறு உறுப்புகளாக (உருபன்களாக)ப் பிரித்துக் காட்டும் உருபனியலுக்குள் நுழைவதற்குள் சோர்ந்துவிடுவார்கள்.

நான் சொல்வது ஒன்றுதான்: கடைசியிலிருந்து படியுங்கள். நல்ல விளக்க இலக்கணம் என்றால் பின்னால் அந்த மொழிக்காரர்கள் சொன்ன கதைகள் சில, வரிக்கு வரி உருபன் பிரித்து, பொருளோடு இருக்கும். முதலில் அந்தக் கதையைப் படியுங்கள். புரியாத உருபு வந்தால் அதற்கான இயலுக்குப் போங்கள். ஆசிரியரின் ஆய்வு முடிவை நம்புவதற்கு முன்னால், அவர் எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார் என்று பாருங்கள்.

ஆர்.எம்.டபிள்யூ. டிக்ஸன் 1972இல் வெளியிட்ட டிர்பல் இலக்கணத்தை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவில் வடக்கு குவீன்ஸ்லாந்து மழைக்காட்டு மக்களின் மொழி அது. 1963இல் அங்கே களப்பணியைத் தொடங்கினார். அதிலிருந்து மூன்று வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நான் பேசாமல் நிற்பேன்.

பயி யர பனிஞு. (ஆண் வருகிறான்.)
பலன் ஜுகும்பில் பனிஞு. (பெண் வருகிறாள்.)
பலன் ஜுகும்பில் பங்குல் யரங்கு பல்கன். (ஆண் பெண்ணை அடிக்கிறான்.)

ஆண் எந்தச் சொல், பெண் எந்தச் சொல் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் வகுப்பு அமைதியாகும். தமிழில் 'பெண் வருகிறாள்' என்பதிலும் 'பெண்ணை அடிக்கிறான்' என்பதிலும் பெண்ணின் வடிவம் வேறு. இரண்டாவதில் 'ஐ' ஏறிவிடுகிறது. டிர்பலில் பெண் வந்தாலும் அடிபட்டாலும் அதே வடிவம். மாறுவது ஆண்தான். வரும்போது 'பயி யர', அடிக்கும்போது 'பங்குல் யரங்கு'. அதாவது, உருபு ஏறுவது செய்பவன் மேல். எர்கேட்டிவ் என்று பாடநூலில் ஒரு பத்தியில் படித்து மனப்பாடம் செய்ததை இந்த மூன்று வரியில் அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். இதே மொழியில் 'நான்', 'நீ' போன்ற தன்மை, முன்னிலைப் பெயர்கள் மட்டும் நம் தமிழைப் போல நடக்கும் என்பதை அதற்கு அடுத்த வகுப்பில்தான் சொல்வேன். மூன்று வாக்கியத்தை வைத்து ஒரு மொழியை முடித்துவிடக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

நம் மரபிலேயே இதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. தொல்காப்பிய நூற்பாக்கள் பெரும்பாலும் விதியை மட்டும் சொல்லும். எடுத்துக்காட்டைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் போன்ற உரையாசிரியர்கள். ஒரே நூற்பாவுக்கு இருவர் இரண்டு விதமாகப் பொருள் கொள்ளும்போது, யார் பக்கம் நிற்பது என்று நாம் முடிவு செய்வது அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டை வைத்துத்தானே? விதியோடு சண்டை போட இடம் கொடுப்பது எடுத்துக்காட்டுதான். இடம் கொடுக்காத இலக்கணத்தை எவ்வளவு பெரிய அறிஞர் எழுதியிருந்தாலும் நான் மாணவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை.

இந்த ஊரிலேயே நடந்த ஒரு விஷயத்தை வைத்தும் இதைச் சொல்வேன். 1816இல் காம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணம் சென்னையில் அச்சானது. அதன் முன்னுரைக்கு, சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தார். தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே குடும்பம், வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்பது அவர் வாதம். வாதத்தோடு நிறுத்தாமல், மூன்று மொழி வேர்ச்சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வர இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன. இன்றைக்கும் அந்த வரிசைகளைப் பார்த்து நாமே சரிபார்த்துக்கொள்ள முடிகிறது.

நீலகிரிக்குப் போன மொழியியலாளர் எமனோவின் கதை இன்னும் நெருக்கமானது. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் இருந்தார். கோத்தர் சொன்ன கதைகளை 1944 முதல் 1946 வரை வெளியிட்டார். தோடர் பாடல்கள் 1971இல் வந்தன. தோடா மொழியின் இலக்கணமும் கதைகளும் 1984இல். கேட்டு எழுதியதற்கும் இலக்கணம் அச்சானதற்கும் நடுவே ஏறக்குறைய அரை நூற்றாண்டு. இடைப்பட்ட காலத்தில் மொழியியல் கோட்பாடு தலைகீழாக மாறிவிட்டது. மலையில் உட்கார்ந்து அந்த மனிதர்கள் சொன்னது மட்டும் மாறவில்லை. எமனோவின் ஆய்வை ஏற்காதவரும் அந்தக் கதைகளையும் பாடல்களையும் ஒதுக்கிவிட முடியாது.

வேறு வகைப் புத்தகங்களும் உண்டு. காம்ரியும் ஸ்மித்தும் 1977இல் ஒரு நீளமான கேள்விப்பட்டியல் வெளியிட்டார்கள். எந்த மொழியாக இருந்தாலும் அதே கேள்விகளுக்கு அதே வரிசையில் பதில் எழுத வேண்டும். அப்படி எழுதப்பட்ட நூல்களில் முதலில் வந்தது, 1979இல், அமேசான் காட்டின் ஹிஷ்கரியானா மொழியைப் பற்றியது. ஆஷரின் 'தமிழ்' 1982இல் வந்தது. நாம் எழுத்து, சொல் என்று போவோம். அங்கே தொடரியலில் தொடங்கி, உருபனியலுக்கு வந்து, அப்புறம்தான் ஒலி. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. ஹிஷ்கரியானாவில் செயப்படுபொருள், வினை, எழுவாய் என்பதுதான் சாதாரண வரிசை. "மனிதனைத் தின்றது சிறுத்தை என்று நாமும் சொல்லலாமே, மேடம்" என்று யாராவது கேட்பார்கள். சொல்லலாம். 'ஐ' என்ற உருபு நமக்குக் காவல் இருக்கிறது. அங்கே பெயரில் அப்படி உருபு கிடையாது.

ஆனாலும் கேள்விப்பட்டியலுக்கு ஒரு எல்லை இருக்கிறது. கேட்டதற்குத்தான் பதில் வரும். கேட்கவே தோன்றாத விஷயம் கதையில்தான் எட்டிப்பார்க்கும். ஐகன்வால்டின் தரியானா இலக்கணத்தை (2003) எடுத்த ஒரு மாணவி இதை எனக்கு நன்றாகக் காட்டினார். பிரேசிலின் வடமேற்கு மூலையில் பேசப்படும் அந்த மொழியில் ஒன்றைச் சொல்லும்போதே அது எப்படித் தெரியும் என்பதையும் வினையோடு சொல்லியாக வேண்டும்: கண்ணால் பார்த்ததா, காதால் கேட்டதா, தடயத்தை வைத்து ஊகித்ததா, பொது அறிவா, பிறர் சொன்னதா. வாய்பாடாகப் படிக்கும்போது இது வெறும் ஐந்து கட்டம். பழங்கதையைப் படித்தபோது வரிக்கு வரி 'பிறர் சொன்னது' உருபு ஓடிக்கொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு, "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம், அவருக்கு மூணு பொண்ணாம்னு எங்க ஆயாவும் இப்படித்தானே மேடம் சொல்வாங்க" என்றார். நம்முடைய 'ஆம்' கட்டாயமில்லை, அவர்களுடையது கட்டாயம் என்ற வேறுபாட்டை அப்புறம் பேசினோம். ஆனால் தொடக்கம் அந்தக் கதைதான். 'குமார் ராஜாவைப் பார்த்தான்' போன்ற தயாரித்த வாக்கியங்கள் எத்தனை இருந்தாலும் இந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்காது.

தமிழ் மாணவர்கள் தங்கள் மொழிக்கு வெளியாட்கள் எழுதியதையும் படிக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். எழுத்துத் தமிழுக்கு லேமன் (1989), பேச்சுத் தமிழுக்கு ஷிஃப்மன் (1999). ஷிஃப்மன் எடுத்துக்கொண்டது ஊர், சாதி அடையாளம் அதிகம் தெரியாத பொதுப் பேச்சுத் தமிழ். 'வந்துகிட்டு இருக்கான்' என்பதைப் படித்த வியாசர்பாடி மாணவர் ஒருவர், "எங்க வீட்ல 'வந்துகினு கீறான்'னுதான் சொல்வாங்க. அது எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று கேட்டார். அருமையான கேள்வி. உன் வீட்டுப் பேச்சுக்கு அந்தப் பிரிவை நீயே எழுது என்றேன்.

பாட்டியிடம் போய், "அவன் வந்துகிட்டு இருக்கான்றத எப்படிச் சொல்வே?" என்று கேட்டிருக்கிறார். பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்து, "வந்து கொண்டிருக்கிறான். அதான சரி?" என்றாராம். காகிதத்தோடு பேரன் வந்து நின்றால் எந்தப் பாட்டியும் அப்படித்தான் சொல்வார். களப்பணிக்குப் போகும் எல்லோருக்கும் நேர்வது இது. பிறகு தண்ணி லாரி வரும் நேரத்தில், வீட்டாரிடமும் தெருக்காரர்களிடமும் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, போனில் பேச்சைப் பதிவு செய்தார். குடம் வரிசையில் நகர நகரப் பேச்சும் இயல்பாகிவிட்டது. 'இஸ்துகினு', 'வந்துகினு கீறான்', 'வந்துனு இருக்கான்', 'இட்டுனு வா' எல்லாம் வந்து விழுந்தன. 'கொண்டு' ஒருவர் வாயில் 'கினு'வாகவும் இன்னொருவர் வாயில் 'னு'வாகவும் வருவதற்கு வயது காரணமா, முன்னால் வரும் வினை காரணமா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாட்டி இரண்டையும் சொல்கிறார் என்பது அவர் கண்டது.

இப்போது புத்தகம் கிடைப்பதும் முன்பு போலக் கஷ்டமில்லை. பெர்லினில் உள்ள லாங்குவேஜ் சயன்ஸ் பிரஸ் 2014 முதல் மொழியியல் நூல்களை யாரும் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளும்படி வெளியிடுகிறது. ஷாக் எழுதிய ஜப்ஹுக் இலக்கணம் 2021இல் அங்கேதான் வந்தது. சீனாவின் சிச்சுவான் மலைப்பகுதி மொழி. ஆயிரத்து ஐந்நூறு பக்கத்துக்கு மேல். பேச்சுப்பதிவுகள் பாங்லாஸ் என்ற ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. எடுத்துக்காட்டைப் படித்துவிட்டு, அதைச் சொன்னவரின் குரலையே கேட்கலாம். எமனோ காலத்து வாசகருக்குக் கிடைக்காத வசதி.

சென்னைப் பேச்சுக்கும் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை. சினிமாவிலும் மேடையிலும் கிண்டலுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பேச்சு, தனக்கென்று வேற்றுமை இயலும் வினை இயலும் பின்னால் நூறு பக்கம் கதையும் உள்ள ஒரு புத்தகத்துக்கு முழுத் தகுதி உடையது. வியாசர்பாடி மாணவரின் துணைவினைப் பிரிவு ஓரளவு வடிவத்துக்கு வந்துவிட்டது. ராயபுரத்து மாணவி ஒருவர் மீன் சந்தைப் பேச்சைப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார். பதிவுகளை எந்த எழுத்துமுறையில் எழுதுவது என்பதில் இருவருக்கும் இன்னும் உடன்பாடு வரவில்லை. அடுத்த வாரம் அதைத்தான் உட்கார்ந்து பேசப்போகிறோம்.