விபத்து வார்டில் சொல்லப்படாத மாத்திரை

ஜூன் 9
இரவு டூட்டி. பைக் விபத்து, தொடை எலும்பு முறிவு. மனைவியிடம் சர்க்கரை, பிரஷர், இதய மாத்திரை பற்றியெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் "இல்லங்க சார்". மைத்துனர் டீ வாங்கப் போனதும் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து உள்ளங்கைக்குள் மறைத்துக் காட்டினார். கணவர் சாப்பிடும் எஸ்சிடாலோபிராம் 10 மி.கி., மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் மாத்திரை. "இதச் சொல்லணுமா சார்? என் தம்பிக்குத் தெரியாது."

சொல்லத்தான் வேண்டும் அம்மா.

ஜூன் 10
அந்த மாத்திரை வேலை செய்வது செரோடோனின் என்ற வேதிப்பொருள் வழியாக. செரோடோனின் என்றதும் மூளைதான் நினைவுக்கு வரும். ஆனால் 1948-ல் கிளீவ்லாந்தில் அதைப் பிரித்தெடுத்தவர்கள் தேடியது, ரத்தக்குழாயைச் சுருக்கும் பொருளை. ரத்தத்தில் இருக்கும் செரோடோனின் ஏறக்குறைய முழுவதும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்குள்தான். அவை அதைத் தயாரிப்பதில்லை. குடலில் சுரப்பதை உறிஞ்சிச் சேர்த்துவைத்து, குழாய் கிழிந்த இடத்தில் கொட்டுகின்றன. மற்ற தட்டணுக்கள் வந்து ஒட்ட அது உதவுகிறது. எஸ்சிடாலோபிராம் வகை மாத்திரைகள் அந்த உறிஞ்சும் வழியை அடைப்பதால், சில வாரங்களில் கையிருப்பு வெகுவாகக் குறைந்துவிடும். சாதாரண நாளில் பெரும்பாலோருக்கு இது தெரியவே தெரியாது. அதோடு டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசியும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். இவருக்கு அந்த ஊசியைத் தவிர்த்தோம். டிரானெக்சாமிக் அமிலம் வந்தவுடனே போட்டாகிவிட்டது. உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் அந்த மருந்து, காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் போனால்தான் உயிர் காக்கும் என்பதை 20,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த கிராஷ்-2 ஆய்வு காட்டியது.

ஜூன் 11
எனக்கு இதைவிடப் பெரிய பயம் டிராமடால். எலும்பு முறிவு என்றால் கை தானாக எழுதும் வலி மருந்து. எஸ்சிடாலோபிராமைப் போலவே அதுவும் நரம்புகளுக்கிடையே செரோடோனினைக் கூட்டும். இரண்டும் சேர்ந்தால் சிலருக்கு வியர்வை, நடுக்கம், காய்ச்சல், பிதற்றல் வரும். விபத்து வார்டில் இதைக் கிருமித்தொற்று என்றோ, குடியை நிறுத்தியதால் வந்த நடுக்கம் என்றோ எளிதில் நினைத்துவிடுவோம். தொற்று என்று நினைத்து, செரோடோனினைக் கூட்டும் ஆன்டிபயாடிக்கான லினெசோலிட் தொடங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். முறியாத காலின் பாதத்தைச் சட்டென்று மேலே தள்ளிப் பிடித்துப் பார்க்க வேண்டும். கணுக்கால் விட்டுவிட்டுத் துடித்தால் செரோடோனின்தான் காரணம் என்ற சந்தேகம் வலுக்கும். இவருக்குத் துடிக்கவில்லை. பாராசிட்டமாலும் தொடை நரம்புக்கு மரப்பு ஊசியும் போதுமாக இருந்தது.

ஜூன் 14
"பழைய மாத்திரை எல்லாம் நிறுத்து" என்று யாரோ கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தார்கள். அடித்துவிட்டு எஸ்சிடாலோபிராமைத் தொடரச் சொன்னேன். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரும், தூக்கம் போகும். ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவருக்கு அது கொடுமை.

சேர்க்கைத் தாளில் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறோம்: மனசுக்கு, தூக்கத்துக்கு ஏதாவது மாத்திரை உண்டா? சொந்தபந்தத்தை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று நர்ஸ்களிடம் சொல்லியிருக்கிறேன்.