ச-ப-ச: மெட்டலும் ஒரு மீன் சாப்பாடும்

கனமான ராக் இசையான மெட்டலில் ட்ராப் டி ட்யூனிங் என்றொரு சுருதி முறை உண்டு, கிட்டாரின் அடிக்கம்பியை மட்டும் இறக்கி வைப்பது. அப்படி வைத்த கிட்டாரின் தடித்த மூன்று கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக மீட்டினால் டி, ஏ, டி. நம் கணக்கில் ச-ப-ச. ஜப்பானின் மூன்று தந்தி வாத்தியமான ஷாமிசெனில் நியாகரி என்றொரு சுருதி முறை உண்டு. அதுவும் ச-ப-ச. மெட்டலும் ஜப்பானிய நாட்டுப்புற இசையும் சேரும்போது ஒட்டவைத்த மாதிரி தெரியாமல் இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இன்னொரு காரணம் டிஸ்டார்ஷனுக்குள், அதாவது கிட்டார் ஒலியை வேண்டுமென்றே நசுக்கிக் கரகரப்பாக்கும் முறைக்குள் இருக்கிறது. கிட்டார் ஒலியை அப்படி நசுக்கும்போது, சேர்ந்து ஒலிக்கும் இரண்டு ஸ்வரங்களின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய ஒலிகள் பிறக்கும். 110 ஹெர்ட்ஸ் ஸட்ஜமும் 165 ஹெர்ட்ஸ் பஞ்சமமும் சேர்ந்தால் கழித்து வருவது 55. அதே ஸட்ஜம், ஒரு ஸ்தாயி கீழே. ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த பவர் கார்டுக்கு அவ்வளவு கனம் வருவது இதனால்தான். காந்தாரத்தைச் சேர்த்தால் கதை மாறும். கிட்டார் ஃப்ரெட்டில் கிடைக்கும் அந்தர காந்தாரம் சுத்தமான அளவைவிடக் கொஞ்சம் ஏறி நிற்பது. அதனால் அடியில் 27.5 வர வேண்டிய இடத்தில் சுமார் 28.6 வந்து குழம்பும். ஆகவே கனமான ரிஃப்களில், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரிகளில், பெரும்பாலும் காந்தாரத்தை விட்டுவிடுகிறார்கள். காந்தாரம் இல்லாவிட்டால் மேஜர், மைனர் எதுவும் முடிவாகவில்லை. மேலே வரும் மெட்டு பஞ்சாபியாக இருக்கலாம், ஜப்பானியமாக இருக்கலாம், ரிஃப் குறுக்கே நிற்காது. நம் கச்சேரியில் தம்புரா செய்கிற வேலையை இங்கே பவர் கார்டு செய்கிறது.

தம்புராவைச் சொன்னதால் இதையும் சொல்லியாக வேண்டும். தம்புராவில் தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு மேல் தந்திக்கு அடியில் ஒரு நூலை நகர்த்தி ஜீவா பிடிப்பார்கள். அப்போதுதான் அந்த ரீங்காரம் எழும். ஷாமிசெனிலும் அதே ஆசை, வேறு இடத்தில். அடித்தந்தி மட்டும் கழுத்தின் மேல்முனையில் மரத்தை லேசாக உரசும்படி விடப்பட்டிருக்கும். இதற்கு ஸவரி என்று பேர். வடக்கே அவோமோரிப் பகுதியின் ட்சுகாரு ஷாமிசெனில் கழுத்தின் பின்புறம் ஒரு சின்னத் திருகு வைத்து உரசலைக் கூட்டிக் குறைப்பார்கள். மற்றத் தந்திகளில் சுருதி சரியாக விழும்போது அடித்தந்தி தானாக ரீங்கரிக்கும். விழாவிட்டால் மொட்டையாக நிற்கும். ட்சுகாரு பாணியில் பாச்சி என்ற அகலமான மீட்டுகோல் தந்தியோடு, வாத்தியத்தின் உடலில் போர்த்திய தோலையும் சேர்த்து அறையும். ஒரே கையில் மெட்டும் தாளமும். கிட்டாரில் உள்ளங்கையை அழுத்தி வாசிக்கும் சக்-சக் ஒலியோடு இது பல்சக்கரம் போலக் கவ்விக்கொள்ளும். தோல் போர்த்திய கருவி என்பதால் ஈரப்பதம் ஏறி இறங்கினால் தோல் கிழியும். அதனால் செயற்கைத் தோலும் இப்போது புழக்கத்தில் உண்டு.

இதைக் கேட்க எளிய வழி வகக்கி பேண்ட். 2013-இல் தொடங்கிய எட்டுப் பேர் குழு. ஷாமிசென், கோட்டோ என்ற நீள தந்தி வாத்தியம், ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழல், வதாய்கோ என்ற மேளம் ஒரு பக்கம், கிட்டார், பேஸ், ட்ரம்ஸ் மறுபக்கம், நடுவில் குரல். 2024 முடிவோடு காலவரையின்றி ஓய்வெடுத்துக்கொண்டார்கள். பதிவுகள் எல்லாம் இருக்கின்றன.

டெல்லியின் பிளடிவுட் குழு இன்னொரு வழி. 2016-இல் தொடங்கியது. டோல் என்ற பஞ்சாபி மேளம், புல்லாங்குழல், ஹிந்தி, பஞ்சாபி, ஆங்கில ராப். 2025-இல் ஜப்பானின் பேபிமெட்டல் குழுவோடு இரண்டு பக்கமும் போய் வந்தார்கள்: பிளடிவுட்டின் ஆல்பத்தில் பேபிமெட்டல், பேபிமெட்டலின் ஆல்பத்தில் பிளடிவுட். இங்கே காது வைக்க வேண்டிய இடம் நடை. பஞ்சாபி ஆட்ட இசையான பாங்க்ராவின் டோல் அடி உள்ளூர திஸ்ரத்தில், மும்மூன்றாக, ஆடி ஆடி நடப்பது. அதன்மேல் ட்ரம்ஸின் டபுள் பேஸ் மிதி நேர்நேராகச் சதுஸ்ரத்தில், நான்கு நான்காக, ஓடினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். நல்ல பதிவில் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்திருப்பார். டோலின் அடித்தொனிப் பக்கம், காலால் மிதிக்கும் கிக் ட்ரம், பேஸ் கிட்டார் மூன்றும் ஒரே அடி அலைவரிசைக்குப் போட்டி போடுவது அடுத்த சிக்கல். மிக்ஸிங்கில் யாருக்கு எந்த இடம் என்று பிரிக்காவிட்டால் கேட்பவருக்கு வெறும் தும்-தும்தான் மிஞ்சும்.

சிங்கப்பூரின் ருத்ரா குழுவையும் விட்டுவிட வேண்டாம். 1992-இல் தொடங்கியவர்கள், சமஸ்கிருத சுலோகங்களை மெட்டலின் கடுமையான வகையான டெத் மெட்டலுக்குள் கொண்டுவந்தவர்கள், தங்கள் இசைக்கு வேதிக் மெட்டல் என்று பெயர் வைத்தவர்கள்.

ஒரு பாட்டு உண்மையில் கலந்ததா என்று பார்க்க ஒரு சோதனை: அந்த நாட்டு வாத்தியத்தை மனதில் கழித்துவிட்டுக் கேளுங்கள். முன்னுரையாக நாலு வரி வாசித்துவிட்டு ஓடிப்போகிற புல்லாங்குழல் என்றால் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. அது அலங்காரம். ரிஃப்பே நொண்டினால் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஃபோன் ஸ்பீக்கரில் இந்தச் சோதனை பலிக்காது. அடி அலைவரிசைகள் அதில் வரவே வராது.

ஸ்பீக்கரில் ஆல்பத்தை ஓடவிட்டுச் சமையலைத் தொடங்கலாம். ஹெட்போன் மட்டும் வேண்டாம். மீன் பொரியும் சத்தம் கேட்க வேண்டும். தெய்ஷோகு என்பது ஜப்பானின் தட்டுச் சாப்பாடு: சோறு, புளிக்கவைத்த சோயா விழுதான மிசோவில் ஒரு சூப், ஒரு முக்கியப் பண்டம், ஊறுகாய். இங்கே உப்பிட்டுச் சுட்ட கானாங்கெளுத்தி, இரண்டு பேருக்கு.

குட்டை அரிசி 300 கிராம். நாலு தண்ணீர் கழுவி, வடித்து, 400 மில்லி தண்ணீரில் 30 நிமிடம் ஊற வேண்டும். ஊறாவிட்டால் நடுவில் பருக்கை கடினமாக நிற்கும். கொதித்ததும் மூடிச் சிறுதீயில் 12 நிமிடம், அணைத்து 10 நிமிடம். இடையில் திறக்கக் கூடாது. பொன்னி புழுங்கலில் இது வராது. அமிலோஸ் அதிகம், உதிரியாகவே நிற்கும், குச்சியில் ஏறாது.

அரிசி ஊறும்போதே மீன். முள் நீக்கிய பாதி ஒவ்வொன்றும் 120 கிராம் என்றால் மீனின் எடையில் 2 சதவீதம் உப்பு, அதாவது அரைத் தேக்கரண்டிக்கும் கொஞ்சம் குறைவு. தடவி 20 நிமிடம் வைத்தால் மேலே தண்ணீர் கோத்து நிற்கும். கவிச்சி வாடை அதில்தான் இருக்கிறது, துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். நிறையப் பேர் ஒற்றாமல் கல்லில் போட்டுவிட்டு மீனைக் குறை சொல்கிறார்கள். தோலில் இரண்டு கீறல், காய்ந்த கல்லில் தோல் பக்கம் கீழே 4-5 நிமிடம், திருப்பி 2-3 நிமிடம். நம் கடல் கானாங்கெளுத்தியில் ஜப்பானிய மீன் அளவு கொழுப்பு இல்லை, அதிக நேரம் விட்டால் நார் நாராகிவிடும். மசாலா தடவக் கை பரபரக்கும். வேண்டாம். துருவி லேசாகப் பிழிந்த முள்ளங்கி பக்கத்தில் ஒரு குவியல், சோயா அதன்மேல் மட்டும். மீன்மேல் ஊற்றினால் மொறுமொறுத்த தோல் நமுத்துப்போகும்.

சூப்பின் உயிர் தாஷி என்ற அடிச்சாறு. அரை லிட்டர் தண்ணீரில் கோம்பு என்ற கடற்பாசி 5 கிராம். அதன்மேல் படிந்த வெள்ளைப் பொடியைக் கழுவ வேண்டாம், அது சுவை. அரை மணி ஊறவைத்து, மெதுவாகச் சூடாக்கி, கொதிக்கும் முன் எடுத்துவிட வேண்டும். கொதித்தால் கொழகொழப்பும் பாசி வாடையும் இறங்கும். ஒரு கொதி வந்ததும் அணைத்து, கட்சுவோபுஷி என்ற உலர்ந்த சூரை மீன் சீவல் 12 கிராம் போட்டு, ஒன்றிரண்டு நிமிடத்தில் பிழியாமல் வடிகட்டுங்கள். கோம்பிலிருக்கும் குளுட்டமேட்டை 1908-இல் பிரித்துக் காட்டியவர் கிகுனாயே இகேடா. மீனில் இருப்பது இனோசினேட். இரண்டும் சேரும்போது எழும் சுவை, தனித்தனியே இருப்பதன் கூட்டலைவிட அதிகம். கட்சுவோபுஷியும் மாலத்தீவு, இலங்கைச் சமையலின் மாசியும் ஒரே சூரை மீன்தான். கட்சுவோபுஷி கிடைக்காவிட்டால் இடித்த மாசி போடலாம். சாறு கலங்கும், மீன் வாசம் தூக்கலாக இருக்கும். சைவத்துக்கு உலர்ந்த ஷீடாகே காளானையும் கோம்பையும் குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுக்க ஊறவைத்தால் போதும்.

400 மில்லி தாஷியில் 150 கிராம் டோஃபு, வகாமே என்ற உலர்ந்த கடற்பாசி 3 கிராம். கைப்பிடி வகாமேயை அள்ளிப் போட்டால் ஊதிப் பாத்திரத்தையே நிரப்பிவிடும். சூடானதும் அணைத்து, மிசோ 2 மேசைக்கரண்டியைக் கரண்டியிலேயே கரைத்து விடுங்கள். மிசோ போட்டபின் கொதிக்க விட்டால் வாசனை முழுக்க ஆவியோடு போய்விடும்.

ஊறுகாய்க்கு வெள்ளரி வில்லைகள், எடையில் 2 சதவீதம் உப்பு, பிசறி அரை மணி, பிழிந்து வைப்பது.

சோற்றுக் கிண்ணம் இடது பக்கம், சூப் வலது பக்கம், மீன் பின்னால் தோல் மேலே தெரியும்படி. முழு மீனாகச் சுட்டிருந்தால் தலை இடப்பக்கம். மேல் பாதியைச் சாப்பிட்டதும் மீனைப் புரட்டாமல், நடுமுள்ளைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு அடியில் இருக்கும் சதையைத் தொடுவது அங்கத்திய வழக்கம்.