ஜெர்மனியில் மருத்துவ உரிமம்: கைகொடுத்த சிரிய மருத்துவர்கள்

ஜெர்மனியில் 'அப்ரொபாட்சியோன்' என்கிற முழு உரிமம் இல்லாமல் நிரந்தரமாக மருத்துவம் பார்க்க முடியாது. அதற்கு முதலில் மருத்துவ மொழித் தேர்வு. நம் படிப்பு அவர்கள் படிப்புக்குச் சமமில்லை என்று முடிவானால், பொது மருத்துவத்தையும் அறுவை சிகிச்சையையும் மையமாக வைத்து இன்னொரு வாய்மொழித் தேர்வு. மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு வந்த நான் இரண்டையும் தாண்டியதற்குச் சிரிய மருத்துவர்கள்தான் முக்கியக் காரணம்.

இங்கே வெளிநாட்டுக் குடியுரிமையோடு பணிபுரியும் மருத்துவர்களில் அவர்கள்தான் அதிகம், 6,000 பேருக்கும் மேல். போருக்குத் தப்பி வந்தவர்கள் பலர். டமாஸ்கஸில் இருந்த ஜெர்மன் தூதரகம் 2012-லேயே மூடப்பட்டதால், சான்றிதழ்களுக்கு முத்திரை வாங்கவே பெய்ரூட் போக வேண்டியிருந்தது. யார் போகிறார்கள், யாரிடம் கொடுத்தனுப்பலாம் என்று விசாரித்து விசாரித்தே அவர்களுக்குள் இந்த ஒத்தாசை வளர்ந்திருக்க வேண்டும்.

தேர்வு முடித்து வருபவர் அன்றிரவே எந்த நோயாளி, என்னென்ன கேள்வி என்று எழுதிக் குழுவில் போட்டுவிடுவார். இதை 'ப்ரோட்டோகோல்' என்பார்கள். அரபியில் ஓடிக்கொண்டிருந்த குழு, நான் சேர்ந்ததும் எனக்காக ஜெர்மனுக்கு மாறியது.

மொழித் தேர்வில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 20 நிமிடம். நோயாளியிடம் பேசுவது, அறிக்கை எழுதுவது, மூத்த மருத்துவரிடம் விளக்குவது. அலெப்போவில் படித்த ஒருவர் இரவுப் பணி முடிந்த களைப்போடு வீடியோ அழைப்பில் வந்து எனக்கு நோயாளியாக நடிப்பார். நெஞ்சுவலிக்காரராக, மாத்திரைப் பெயரை முணுமுணுப்பார், அளவு ஞாபகமில்லை என்பார். நடுவில் திடீரென்று, "எனக்குப் புற்றுநோயா டாக்டர்?" என்று கேட்டுக் கலங்குவார். உடனே பயத்தைத் தணிக்க வேண்டும்; ஆனால் பொய்யாக உறுதி தரக் கூடாது. புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் இது வராது. தேர்வில் அதே கேள்வி வந்தபோது நான் திணறவில்லை.

2024 டிசம்பரில் அசாத் ஆட்சி விழுந்ததும் சிரியர்களைத் திருப்பி அனுப்பலாமா என்று இங்கே பேச ஆரம்பித்தார்கள். எனக்கு நெஞ்சு கொதித்தது. சின்ன ஊர் மருத்துவமனைகளில் இரவுப் பணியைத் தாங்குகிறவர்கள் அவர்கள்.

இங்கே வர நினைப்பவர்களுக்கு ஒன்று. விண்ணப்ப நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் நீங்கள் விண்ணப்பிக்கும் மாநிலத்திலேயே சமீபத்தில் தேர்வு முடித்தவரைத் தேடிப் பிடியுங்கள். அவர் சிரியராகவும் இருக்கலாம். தயங்காமல் கேளுங்கள்.