இரத்தத்தில் தெரியும் நரம்புச் சிதைவு

தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் மோட்டார் நியூரோன் நோய் என்று உறுதியானதும் குடும்பத்தார் கேட்பது, இனி எவ்வளவு காலம் என்பதைத்தான். அறிகுறி தொடங்கியதிலிருந்து பலர் 2 முதல் 5 ஆண்டுகள் வாழ்கின்றனர். சிலர் 10 ஆண்டுகளையும் கடக்கின்றனர். ஒருவரின் நோய் எந்த வேகத்தில் செல்லும் என்று ஊகிக்க உதவும் இரத்தக் குறிகாட்டிகளுள் முதன்மையானது நியூரோஃபிலமென்ட் லைட் என்னும் புரதம். நரம்பிழைக்கு உள்ளிருந்து உருக்கொடுக்கும் இப்புரதம், இழை சிதையும்போது மூளைத் தண்டுவட நீரில் கசிந்து, அங்கிருந்து மில்லிலீட்டருக்குப் பிக்கோகிராம் கணக்கில் இரத்தத்தை அடைகிறது. அதன் அளவு உயர்ந்திருப்போருக்கு நோய் விரைந்து முற்றுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் அது வயதோடும், வேறு நரம்பு நோய்களிலும் உயரும் என்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்து ஒருவரின் ஆயுளைச் சொல்லிவிட முடியாது. இன்னொரு குறிகாட்டி, தசையிலிருந்து இரத்தத்தில் சேரும் கழிவுப்பொருளான கிரியேட்டினின்; அது குறைவது தசை இழப்பை உணர்த்தும்.

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டிய என் சித்தப்பாவுக்கு இந்நோயால், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதை வற்றிக் குழி விழுந்து, கத்தி பிடியில் நிற்காமற்போனது. தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்துக்கு ஏறும் படிகளில் சக்கர நாற்காலி செல்லாது. நோயின் வேகம் முன்கூட்டியே தெரிந்திருந்தால், வீதியோரத்து உறவினர் வீட்டுக்கு அவரை உரிய காலத்தில் மாற்றியிருக்கலாம்.

2023இல் அமெரிக்கா இந்நோய்க்கான டோஃபர்சன் மருந்துக்கு விரைவு அனுமதி அளித்ததும் இரத்தத்தில் நியூரோஃபிலமென்ட் லைட் குறைந்ததை வைத்தே. எனினும் அம்மருந்து எஸ்ஓடி1 மரபணு மாற்றமுள்ள சிறுபான்மையினருக்கு மட்டுமே உரியது.