தண்ணீர்த்தாங்கி, தென்னை, காவற்பரண்: அன்டெனா எதில் நிற்கும்?

திருகோணமலை மாவட்டத்தில் குச்சவெளியாக இருந்தாலென்ன, வெருகலாக இருந்தாலென்ன, தூரத்து இடமொன்றிலிருந்து அன்டெனா வழியாக வயர்லெஸ் இணைய இணைப்பு எடுக்க நினைப்பவர் முதலில் கேட்பது "எத்தனை அடி உயரம் வேணும்?" என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: காற்றடித்தால் அன்டெனா எவ்வளவு திரும்பும்? 60 சென்ரிமீற்றர் டிஷ் ஒன்று 5.8 கிகாஹேர்ட்ஸில் விடும் கற்றை ஏறத்தாழ 6 பாகை அகலந்தான். நடுக்கோட்டிலிருந்து 3 பாகை விலகினாலே சக்தி பாதியாகிவிடும். உயரம் போதாவிட்டால் இன்னொரு பைப் போட்டுச் சமாளிக்கலாம். ஆடுகிற தூணில் என்ன விலைக்கு ரேடியோ (அன்டெனா வழியாக அலையை அனுப்பி வாங்கும் கருவி) வாங்கி மாட்டினாலும் பிரயோசனமில்லை.

அதற்காக உயரத்தை மறந்துவிடவும் கூடாது. எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 5 கிலோமீற்றர் இணைப்பின் நடுப்பகுதியில், பார்வைக் கோட்டைச் சுற்றி 8 மீற்றர் ஆரமுள்ள ஒரு வெளி அலைக்குத் தேவை. அதில் 60 வீதமாவது, அதாவது 5 மீற்றராவது, மறைப்பில்லாமல் இருக்க வேண்டும். 2 கிலோமீற்றருக்கு 3 மீற்றர் போதும். தென்னந்தோப்பின் தலையை உரசிக்கொண்டு போகும் கோடு ஓகஸ்டில் நன்றாக வேலை செய்யும். வாடை மழையில் ஓலை நனைந்ததும் படுத்துவிடும். வெயில் காலத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கட்டுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கிராமத்தில் கிடைக்கும் அமைப்புகளில் முதலிடம் கொங்கிறீற் தண்ணீர்த்தாங்கித் தூணுக்கு. பிளாஸ்டிக் தாங்கியிலேயே கயிறு போட்டுக் கட்டுபவர்களும் உண்டு. தாங்கி காலியானால் காற்றில் அசையும், வெயிலில் விரியும். அதைத் தொடவே வேண்டாம். தூணில் பைப்பை நிறுத்தி இரண்டு இடத்தில் கிளாம்ப் போட வேண்டும். பாதிப் பேர் கோட்டை விடுவது அந்த இரண்டு கிளாம்புக்கும் இடையிலுள்ள தூரத்தில்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீற்றர் காற்று 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷை ஏறக்குறைய 17 கிலோ எடையளவுக்குத் தள்ளும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் கரையேறியது குச்சவெளி, திரியாய்ப் பக்கமாக என்பதால், இந்த மாவட்டத்தில் 100 என்று வைத்துக் கணக்குப் பார்ப்பது மிகையில்லை. மேல் கிளாம்புக்கு மேலே பைப் 3 மீற்றர் நீண்டிருக்கிறது, கிளாம்ப் இரண்டுக்கும் இடையே 1 மீற்றர் என்றால், மேல் கிளாம்பில் விழும் சுமை 68 கிலோ. அதே கிளாம்புகளை ஓர் அடி இடைவெளியில் போட்டால் 187 கிலோ. டிஷ்ஷும் அதே, காற்றும் அதே. சுமை மட்டும் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே மேலே நீளும் பைப்பில் மூன்றிலொரு பங்காவது கிளாம்புகளுக்கு இடையில் இருக்கட்டும். ஒன்றரை அங்குல ஜீஐ பைப்பை 4 மீற்றருக்கு மேல் தனியே நீட்டினால், டிஷ்ஷோடு சேர்த்து அந்தக் காற்றில் பைப்பே வளையும் எல்லைக்குப் போய்விடும். 40 சென்ரிமீற்றர் டிஷ் போதுமென்றால் அதையே போடுங்கள், தள்ளுவிசை பாதிக்கும் கீழே. தூரம் இடங்கொடுத்தால் சின்ன டிஷ்தான் நல்ல டிஷ்.

புயல் பைப்பை வளைக்கும். நட்டைக் கழற்றுவது கச்சான். மே தொடங்கி செப்டெம்பர் வரை ஓயாமல் அடிக்கும் அந்தக் காற்றில் விசை பெரிதில்லை, நடுக்கந்தான் பெரிது. ஸ்பிரிங் வாசர் இல்லாமல் பூட்டிய யூ போல்ட் சிறிது சிறிதாக இளகி, டிஷ் பைப்பைச் சுற்றி மெல்லத் திரும்பும். ஒவ்வொரு யூ போல்ட்டுக்கும் இரட்டை நட். எல்லாம் இறுக்கி முடிந்ததும் பைப்பிலும் டிஷ் தாங்கியிலும் சேர்ந்தாற்போல் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். பிறகு கீழே நின்று பார்த்தாலே திரும்பியிருக்கிறதா என்று தெரியும், ஏறத் தேவையில்லை.

தாங்கி இல்லாத வளவில் பைப்பை நிலத்தில் நட்டு இழுகம்பி கட்டுவதுதான் வழி. 120 பாகைக்கு ஒன்றாக மூன்று பக்கம், 4 மில்லிமீற்றர் கல்வனைஸ் கம்பிக்கயிறு. கட்டும் புள்ளியின் உயரத்தில் முக்கால் பங்கு தூரத்தில் நங்கூரம். வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று வள்ளக் கயிற்றை எடுத்துக் கட்டாதீர்கள். நைலோன் நனைந்தால் நீளும், வெயிலில் நூல் நூலாகப் பிரியும். கம்பிக்கயிற்றின் முனைக்கு மூன்று கிளிப் போட வேண்டும். கிளிப்பின் அடிக்கட்டை இழுபடும் கம்பியின் மேல் உட்கார வேண்டும், யூ வளைவு வெட்டுமுனைப் பக்கம் வர வேண்டும். மாறிப் போட்டால் யூ வளைவு இழுகம்பியை நசுக்கி, அந்த இடத்திலேயே அறுக்கும். நிலாவெளி மணலில் அடித்த இரும்பாணி எதையும் பிடிக்காது. ஒரு மீற்றர் ஆழத்தில் குழி வெட்டி, கொங்கிறீற் கட்டையையோ வைரம் பாய்ந்த பனங்குற்றியையோ குறுக்கே கிடத்தி, அதில் கம்பியைச் சுற்றி மூட வேண்டும். தம்பலகாமத்து வயல் ஓரமென்றால் வேறு கரைச்சல்: காய்ந்த களியில் இறுக்கிய கம்பி, பெரும்போகத்துக்குத் தண்ணீர் வந்ததும் தளரும். நவம்பரில் ஒருமுறை டேர்ன்பக்கிளை, அதாவது கம்பியை இறுக்கும் திருகை, திருகிப் பார்க்காவிட்டால் டிசம்பரில் தூண் சாய்ந்து நிற்கும். திருகிய பின் அது தானாகத் திரும்பாமலிருக்க நடுவால் கட்டுக்கம்பி கோர்த்துவிடுங்கள். குரங்குகள் இழுகம்பியில் தொங்கி ஆடுவதைத் தடுக்க உருப்படியான வழி எதுவுமில்லை.

மின்சார லைனுக்குப் பக்கத்தில் தூண் நடுகிறவர்களிடம் ஒரே பேச்சுத்தான்: விழுந்தால் லைனில் தொடுமா? தொடுமென்றால் அந்த இடம் வேண்டாம். தூணின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நடுங்கள். 33 ஆயிரம் வோல்ட் லைன் வயலுக்குள்ளாலும் போகிறது.

இனி மரம். தென்னையும் பனையும் ஒரு விதத்தில் வசதி: வளர்ந்த மரம் பக்கவாட்டில் தடிக்காது, ஆகவே சுற்றிக் கட்டிய பட்டி உள்ளே புதையாது. வேம்பிலும் புளியிலும் அதே பட்டி சில வருடங்களில் பட்டைக்குள் போய் மரத்தின் கழுத்தை நெரிக்கும். அங்கே மரக்கட்டைத் துண்டுகளை இடையில் செருகி, வருடா வருடம் தளர்த்திவிட வேண்டும். தென்னையில் துளை போடுவது பெரிய பிழை. அந்தக் காயம் ஆறவே ஆறாது, சிவப்புக் கூன்வண்டு உள்ளே போக அதுவே வாசல். பழைய டயர் ரப்பரைச் சுற்றி, அதன் மேல் ஸ்ரெயின்லெஸ் பட்டியைப் போட்டு இறுக்குங்கள். எப்படிக் கட்டினாலும் மரம் ஆடத்தான் செய்யும். தென்னையில் டிஷ் வேண்டாம், கற்றை 15 முதல் 20 பாகை வரை அகலமான, தட்டையான பனல் அன்டெனாவைப் போடுங்கள். தூரம் குறையும், ஆனால் இணைப்பு அறாது. அதையும் வட்டுக்குக் கீழே, எதிர்முனையைப் பார்த்த பக்கத்தில் ஓலை தொங்காத உயரத்தில் வைக்க வேண்டும். காய்ந்த மட்டை விழும் பாதையில் கேபிள் போகக்கூடாது. அணிலுக்கு மெல்லிய கேபிள் என்றால் கொண்டாட்டம், எனவே கறுப்புக் குழாய்க்குள்ளால் இறக்குங்கள். வெள்ளை பிவிசி வெயிலில் நொறுங்கிவிடும்.

கந்தளாய், சேருவில பக்கம் வயற்காவல் பரணில் கட்டலாமா என்று கேட்பார்கள். பரண் தட்டில் கட்டினால் ஆள் ஏறி இறங்கும்போதெல்லாம் கற்றை அலையும். தட்டைத் தாங்கும் மரத்தின் அடித்தண்டில், கவருக்குக் கீழே கட்டினால் நிற்கும். யானை வரும் இடத்தில் தனித்தூணும் இழுகம்பியும் வேலைக்காகாது. முதுகு தேய்க்க அதற்குத் தூண் கிடைத்த மாதிரி. அங்கே கரண்டும் இருக்காது. 6 வொற் ரேடியோ ஒரு நாளைக்கு 144 வொற்மணி எடுக்கும், 12 வோல்ட்டில் 12 அம்பியர்மணி. ஈய பத்தரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்பதால், 100 அம்பியர்மணி பத்தரி வெயிலில்லாமல் நான்கு நாள் தாங்கும். 50 வொற் சோலார் பனல் கச்சானில் போதும், வாடையில் போதாது. 100 வொற் போடுங்கள். ரேடியோ 24 வோல்ட் கேட்கிறதா, 48 கேட்கிறதா என்று அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்க்காமல் வயரைக் கொடுத்தால் அன்றோடு கதை முடிந்தது.

ரேடியோவுக்கு இணையத்தோடு கரண்டையும் கொண்டுபோகும் கேபிள் முழுச் செம்பாக இருக்க வேண்டும். செம்பு பூசிய அலுமினியம் மலிவு. 80, 90 மீற்றர் ஓட்டத்தில் 24 வோல்ட்டில் நாலு வோல்ட்டை அதுவே தின்றுவிடும். அறிகுறி என்னவென்றால், எல்லோரும் வீடியோ பார்க்கும் இரவு நேரத்தில் ரேடியோ தானாக அணைந்து எழும்பும். ரேடியோவின் வாய்க்குக் கீழே கேபிளை ஒரு வளையம் தொங்கவிடுங்கள், மழைநீர் அதன் அடியில் சொட்டிப் போகும். இல்லாவிட்டால் நீர் கேபிளின் உறைக்குள்ளால் ஓடி வந்து வீட்டுக்குள் இருந்து ரேடியோவுக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் பெட்டியில் முடியும். அந்தப் பெட்டிக்குள் பல்லி புகுந்து சேர்க்கிட் போவதும் உண்டு.

கடலோரத்தில் பளபளவென்று இருக்கும் யூ போல்ட்டை வாங்கவே வேண்டாம், அது மெல்லிய நாகப் பூச்சு. உப்புக்காற்றில் சீக்கிரமே சிவக்கும். மங்கல் சாம்பல் நிறத்தில், கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பதுதான் உருகிய நாகத்தில் தோய்த்தது. பைப்பை வெட்டிய, வெல்டிங் பண்ணிய இடங்களில் நாகப் பெயின்ட் இரண்டு பூச்சு.

திசை பிடிக்கும்போது அவசரம் கூடாது. ரேடியோ காட்டும் சிக்னல் அளவு எந்த எண்ணுக்குப் போக வேண்டுமென்று முதலே கணக்குப் போட்டு வைத்திருங்கள்: 5 கிலோமீற்றர், இரு முனையிலும் 23 டெசிபெல் அன்டெனா, அனுப்பும் சக்தி 20 dBm என்றால் சுமார் −56 dBm வர வேண்டும். −75இல் நின்றுகொண்டு இடமோ வலமோ அசைத்தால் குறைகிறதென்றால் உச்சம் பிடித்துவிட்டதாக நினைக்காதீர்கள், அது நடுக் கற்றைக்குப் பக்கத்தில் வரும் பலவீனமான பக்கக் கற்றை. இன்னும் பத்துப் பதினைந்து பாகை இரு பக்கமும் திருப்பித் தேடுங்கள். மேல்கீழ் சாய்வையும் தனியாகப் பாருங்கள். மூதூரிலிருந்து திருகோணமலை நகரத்துக்குக் கொட்டியாரக்குடாவைத் தாண்டும் நீண்ட இணைப்புகளில் எண் நிலையாக நிற்காது, தண்ணீரில் பட்டுத் தெறித்து வரும் அலை நேர் அலையோடு மோதும். அங்கே இணைப்பு நிற்கத் தேவையான அளவுக்கு மேலே 10 டெசிபெலாவது கைவசம் மிச்சம் இருக்கட்டும்.

எடுத்த இணைப்பை அயலவருக்குக் காசுக்குப் பிரித்துக் கொடுப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், 1991இன் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் இருக்கிறது.

கடைசியாக இடி. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் வரும். தூணிலிருந்து 6 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத செம்புக் கம்பி, வளைவு குறைவாக நேரே கீழே. காய்ந்த மணலில் ஒரு எர்த் கம்பி போதாது. ஐந்தடிக் கம்பி இரண்டை ஐந்தடிக்கு மேல் தள்ளி அடித்து இணையுங்கள், ஒன்று கிணற்றடி ஈரத்தில் இருந்தால் நல்லது. இந்த எர்த்தை வீட்டு எர்த்தோடும் சேர்த்துக் கட்ட வேண்டும். இரண்டும் தனித்தனியே நின்றால் அவற்றுக்கிடையிலான வோல்ட் வித்தியாசமெல்லாம் ரவுட்டருக்குள்ளால்தான் பாயும். கேபிளின் இரு முனையிலும் சேர்ஜ் (திடீர் மின்னெழுச்சி) தடுப்பான் போடுங்கள். நேரே விழும் இடியை இவை எதுவும் தடுக்காது. மேற்கே கறுத்துவரும்போது பவர் பெட்டியின் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, தூணிலிருந்து வரும் கேபிளையும் அதிலிருந்து கழற்றிவிட வேண்டும்.